அங்கமுத்துவின் நாற்பது பிள்ளைகள்

செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. தாப்பா சந்தைக்கு வெளியே கரிப்புகையில் ஓடும் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. ரிங்லெட் இருபத்தெட்டு மைல். லாரிக் கூலி அரைப் படி உப்பு. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை நீட்டினேன். டிரைவர் ராயப்பன் அதைத் தொடக்கூட இல்லை.

"அத வச்சு அடுப்புதான் பத்த வைக்கணும் வாத்தியாரே. உப்பு இருந்தா ஏறுங்க லா."

இருந்தது. ஏறினேன்.

மலைக் குளிரை அனுபவிக்கப் போகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். என் தங்கை செல்லம்மாளின் கல்யாணத்தை நிறுத்திய புண்ணியவானும் நான்தான். அந்தக் கல்யாணத்தை நடத்தலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளத்தான் மலை ஏறினேன்.

மாப்பிள்ளை முனியாண்டி, எங்கள் தோட்டத்திலேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். தங்கமான பையன். பரிசம் போடும் அன்று பெரியவர்கள் முன்னால், அவன் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பழைய அரசாங்க நகல் வெளியே வந்தது. போன நூற்றாண்டில் அவன் தாத்தா கப்பலிலிருந்து இறங்கியபோது பதிந்தது. 'கருப்பண்ணன், அனாக் அங்கமுத்து.' அனாக் என்றால் மலாயில் பிள்ளை. எங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் என் தாத்தாவின் நகலிலும், 'மலையன், அனாக் அங்கமுத்து' என்றுதான் இருக்கிறது. அதே கப்பல், அதே நாள். அப்படியானால் இரண்டு தாத்தாக்களும் அண்ணன் தம்பி. நாங்கள் பங்காளிகள். முனியாண்டி என் தங்கைக்கு அண்ணன் முறை! விசாரிக்கலாம் என்றால் இரண்டு கிழவர்களும் எப்போதோ காய்ச்சலில் போய்விட்டார்கள்.

"இந்தக் கல்யாணம் நடக்காது" என்று எழுந்து நின்று கத்தினேன். அதுவரை 'மச்சான், மச்சான்' என்று என்னைச் சுற்றி வந்தவன் மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு 'அண்ணே' என்றான். செல்லம்மாள் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அதோடு போயிருந்தால் சரி. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கள் தோட்டத்தில் கல்யாணமாகாத ஆண்களின் பேரைத்தான் முதலில் எழுதினார்கள். முனியாண்டியும் அதில் இருந்தான். லாரி வெள்ளிக்கிழமை வரும், அதற்குள் தாலி ஏறிவிட்டால் பேரை அடித்துவிடலாம் என்றார் எங்கள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. மூலப் பதிவேடு ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வழி சொன்னவரும் அவர்தான்.

பத்து மணி. ரிங்லெட். வளைவுக்கு வளைவு குடலைப் புரட்டி இறக்கிவிட்டது லாரி. சாலையோரக் காவலில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குக் குனிய மறந்துவிட்டேன். பளார் என்று ஓர் அறை. கண்ணாடி போய்ச் சகதியில் விழுந்தது. முப்பத்தைந்து வயதில், பிள்ளைகளை அடித்தே பழகியவனுக்கு, அது என்ன வலி என்று அன்றுதான் தெரிந்தது. குனிந்தேன். நன்றாகவே குனிந்தேன்.

பதினோரு மணி. தோட்டத்துக்கு இரண்டரை மைல் நடை. இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை, பறிக்க ஆளில்லாமல் கொய்யா மரம் மாதிரி வளர்ந்திருந்தது. வெட்டித் தள்ளிய இடத்திலெல்லாம் மரவள்ளி. துரை பங்களாவில் ஜப்பான் கொடி. தொழிற்சாலையில் ஞானப்பிரகாசம் கிராணி இருந்தார். சண்டைக்கு முன் கீழே ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். குண்டு விழுந்ததும், அங்கிருந்த பழைய ஏடுகளை ஒரு லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு மலைக்கு ஓடி வந்தவர்.

"பத்திரப்படுத்தியிருக்கீங்களே, மகராசன்!" என்று நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டேன்.

"பத்திரமா? காகிதம் எங்க கெடைக்குது வாத்தியாரே? அங்க பாருங்க."

பார்த்தேன். ஐயோ! நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து ஏட்டைத் தாள் தாளாகக் கிழித்துத் தேயிலைத் தூளைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொட்டலத்தில் ராமசாமி, வயது பத்தொன்பது. இன்னொன்றில் யாரோ ஒரு காளியம்மாள், பக்கத்தில் கைக்குழந்தை ஒன்று. கடல் தாண்டி வந்தவர்களின் பேரெல்லாம் கால் கால் ராத்தலாகக் கூடையில் விழுந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்கம்மா! எங்க தாத்தா அதுக்குள்ள இருக்காரு!"

"எந்தப் பொட்டலத்துல?" என்று சிரித்தாள் பெரியநாயகி என்ற அம்மாள். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு முதலில் வந்து ஏட்டைப் புரட்டியவள் அவள்தான்.

அன்று சாயங்காலம் வரை கிடைக்கவில்லை. கிராணி வீட்டில் மரவள்ளிக் கஞ்சியும் ஒரு சாக்கும் கிடைத்தன.

புதன்கிழமை, காலை ஒன்பது மணி. ஏடுகளின் நாலாவது கட்டைப் புரட்டியபோது அந்தத் தாள் வந்தது. எழுதியவன் மலாய் பேசுகிற ஆள் போலிருக்கிறது. ஆங்கில எழுத்தில் மலாய்ச் சொல்லாக எழுதித் தள்ளியிருந்தான். மலையன், அனாக் அங்கமுத்து. கருப்பண்ணன், அனாக் அங்கமுத்து. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். அதற்குக் கீழே சடையன், அனாக் அங்கமுத்து. அதற்கும் கீழே வேலன், பெரியசாமி, தொப்புளான்... எண்ணினேன். நாற்பது பேர். ஒருவன் ஊர் நாமக்கல், ஒருவன் ஊர் பெரம்பலூர். எல்லாருக்கும் ஒரே அப்பன்!

"மனுசனா அவன்?" என்றேன்.

ஞானப்பிரகாசம் தாளை வாங்கி, மலையனுக்கும் மேலே இருந்த முதல் வரியில் விரலை வைத்தார். அங்கே மட்டும் முழுசாக இருந்தது: அனாக் புவா அங்கமுத்து. கீழே வரவர எழுதியவனுக்குக் கை வலித்து, புவாவை விட்டுவிட்டான்.

"வாத்தியாரே, அனாக் புவான்னா பிள்ளையா? கீழ வேல செய்ற ஆளுங்க லா! அங்கமுத்து கங்காணி. இவனுங்க நாப்பது பேரும் அவன் கூட்டிட்டு வந்த ஆளுங்க."

தெருவில் விளையாடும் பிள்ளைக்குத் தெரியும் அந்த மலாய்ச் சொல், எனக்குத் தெரியாதா? ஆட்களைப் பிள்ளைகளாக்கி நகல் கொடுத்திருக்கிறார்கள், நாங்களும் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். வருஷா வருஷம் 'அங்கமுத்துத் தாத்தா' என்று சாராயமும் சுருட்டும் வைத்துப் படைத்தோமே! எங்கள் தாத்தாவின் முதுகில் பிரம்பு வைத்தவனுக்கா! வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். முனியாண்டி பங்காளி இல்லை. நாளைக்கே கல்யாணம்.

திரும்பும் கூலிக்கு அரைப் படி வைத்துக்கொண்டு மிச்ச உப்பைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டேன். பதினொன்றரைக்கு ராயப்பனின் லாரி, மேலே திரிங்காப்பில் ஏற்றிய முட்டைக்கோசோடு இறங்கி வந்தது. மூட்டை மேல் உட்கார்ந்து, தாலிக்கு யாரிடம் தங்கம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மூன்று மணி. தாப்பா. சந்தைக்கு எதிரே வரிசையாக நான்கு லாரிகள். ஆட்கள் நின்றபடி அடைபட்டிருந்தார்கள். பெண்கள் மண்ணை வாரித் தூற்றி அழுதுகொண்டிருந்தார்கள். இன்று புதன்தானே, வெள்ளி என்றுதானே சொன்னார்கள் என்று ராயப்பனைப் பிடித்து உலுக்கினேன். பாவம், அவன் என்ன செய்வான்.

இரண்டாவது லாரியில் முனியாண்டி. ஓடினேன்.

"டேய், நீ பங்காளி இல்லடா! புவா விட்டுப்போச்சு! புவா!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரைச்சலில் காதைக் காட்டினான்.

"அப்ப நான் உங்கள என்னான்னு கூப்பிடறது?"

"மச்சான்னு கூப்பிடுடா!"

லாரி நகர்ந்துவிட்டது. "மச்சான்" என்று கத்தினான். சந்தை முனை திரும்பும்வரை அதையே கத்திக்கொண்டு போனான்.

முனியாண்டி திரும்பி வரவே இல்லை. நான் கத்தாமல் இருந்திருந்தால் பரிசம் அன்றே முடிந்து கல்யாணமும் நடந்திருக்கும், வீட்டில் இருந்திருப்பான். இதை யாரிடம் சொல்லி அழ?

செல்லம்மாள் கூட்டத்துக்குள்ளேதான் நின்றிருந்தாள். என் பக்கத்தில் வந்து கையிலிருந்த தாளை வாங்கினாள். அவளுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. மேலும் கீழும் பார்த்துவிட்டு, இத்தனை நாள் கழித்து என்னோடு பேசினாள்.

"இதுல எதுண்ணே அந்த விட்டுப்போன சொல்லு?"

விரலை வைத்துக் காட்டினேன்.