அஞ்சுக்கு அஞ்சு

எகிப்தின் தன்தா நகரத்தில் நான்காம் மாடியில் குடியிருக்கும் இன்ஷிராஹ், பதினோரு வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவள். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தால் பாடம் உண்டு. சிவப்பு எரிந்தால், “அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்” என்று சொல்லும் பதிவுக் குரலைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். மாதம் முழுக்க வரவேண்டிய டேட்டா இருபதாம் தேதியே தீர்ந்துபோகும். யார் தின்றார்கள் என்று கேட்க நாதி இல்லை. வேறு கம்பெனிக்கு மாறலாமே என்பார்கள் விவரம் தெரியாதவர்கள். எங்கள் ஊரில் கம்பெனி நாலு இருக்கிறது; மண்ணுக்குள் ஓடும் கம்பி மட்டும் ஒருவனுடையது. மற்ற மூவரும் அதே கம்பியை வாங்கி, பில்லின் நிறத்தை மட்டும் மாற்றி விற்கிறவர்கள்.

கனடாவில் கால்கரியிலிருந்து நாலு வருடமாகப் படிக்கிறாள் இக்லாஸ் என்ற சூடான்காரி. ரொட்டிக் கடையில் வேலை செய்துகொண்டே குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதிக் காட்டி வந்தாள். அதற்குத்தான் இஜாஸா என்ற சான்றிதழ். ஆசிரியர் ஒவ்வொரு எழுத்தையும் தன் காதால் கேட்டிருக்க வேண்டும் என்பது அதன் விதி. ‘ஓதினேன்’ என்று மாணவி சத்தியம் செய்தாலும் செல்லாது. இன்ஷிராஹ்வின் ஆசிரியை அப்படித்தான் கேட்டாள், அவளுடைய ஆசிரியையும் அப்படித்தான்.

மிச்சம் இருந்தது ஆறே வசனம் கொண்ட கடைசி சூரா, அதாவது கடைசி அத்தியாயம் ஒன்றுதான். வியாழக்கிழமை அதைத் தொடங்கியபோது விளக்கு சிவப்பாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை இக்லாஸுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை.

“குரல் திரும்ப இப்படியே வருமான்னு கேட்டா டாக்டர் பேச்சை மாத்துறார், உஸ்தாதா. அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்,” என்று ஆசிரியையிடம் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்று முடிவானது.

புகார் கொடுத்து இரண்டு நாள் கழித்து, அந்தச் சனிக்கிழமை மதியம் லைன்மேன் அதிய்யா வந்து சேர்ந்தான். தெருமுனைப் பெட்டியைத் திறந்தான். இரண்டு கம்பிகளை முறுக்கினான். ரொட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் பையைக் கிழித்து அதன்மேல் சுற்றினான். மேலே வந்து பார்த்தபோது விளக்கு பச்சையாக இருந்தது.

“இது நிக்குமாப்பா?” என்று கேட்டாள் இன்ஷிராஹ்.

“அல்லா நாடினா நிக்கும், ஹஜ்ஜம்மா.”

“அல்லா நாடுறது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?”

அதிய்யா சிரித்தான். “கம்பிக்கு என் அப்பன் வயசு. நான் என்னத்தச் சொல்ல? இப்ப ஆபீஸ்லேருந்து கூப்பிடுவாங்க. அஞ்சுக்கு எத்தனை மார்க்குன்னு கேப்பாங்க. அஞ்சுன்னு சொல்லிடுங்க. நாலுன்னாகூட என் சம்பளத்துலதான் கை வைப்பாங்க. கம்பியையா பிடிப்பாங்க?”

அவன் சட்டை முழுக்க வியர்வை. நாலு மாடி ஏறி வந்திருந்தான், குடித்தது ஒரு டீ. ‘ஐயோ பாவம்’ என்ற இரண்டு வார்த்தைதான் எங்கள் ஊர்க்காரர்களைக் கவிழ்ப்பதே. தொலைபேசி அடித்தது. குறை தீர்ந்ததா என்று ஒரு பெண் கேட்டாள். விளக்கு எரிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தீர்ந்தது என்றாள் இன்ஷிராஹ். மார்க் ஐந்து என்றாள். அதிய்யா நெஞ்சில் கை வைத்துக் கும்பிடாத குறையாகப் போய்விட்டான்.

ஐந்து மணிக்குத் திரையில் இக்லாஸ் வந்தாள். அங்கே காலை எட்டு. புருஷன், மூன்று பிள்ளைகள், மேசை நிறைய இனிப்பு. இக்லாஸ் பிஸ்மி சொல்லி ஓத வாயைத் திறந்தாள். விளக்கு சிவப்பாகிவிட்டது.

புகார் எண்ணில் வேறொரு பெண் கிடைத்தாள். “உங்க புகார் முடிஞ்சிருச்சேம்மா. நீங்களே திருப்தின்னு அஞ்சு மார்க் குடுத்திருக்கீங்க. புதுசாப் பதியட்டுமா? எழுபத்திரண்டு மணி நேரம் ஆகும்.”

எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் செவ்வாய்க்கிழமை மாலை. இன்ஷிராஹ் தொலைபேசியை வைத்தாள். யாரைத் திட்டுவது? மதியம் பொய் சொன்னது அவள் வாய்தானே. தன்மேலேயே வந்த கோபத்தோடு கைப்பேசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அந்தக் கட்டடத்தில் சிக்னல் கிடைப்பது டிஷ் ஆன்டெனாக்களுக்கும் புறாக் கூண்டுக்கும் நடுவில் ஒரே இடத்தில்தான். யானை விலைக்கு டேட்டா போட்டு அழைத்தாள்.

“ஓதும்மா, சீக்கிரம்.”

இக்லாஸ் ஓதினாள். முதல் வசனம் தெளிவாகக் கேட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் கேட்டன. நான்காவதில் படம் நின்றது. இக்லாஸின் வாய் பாதி திறந்தபடியே இருந்தது. குரல் இல்லை. இன்ஷிராஹ் கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள், கூண்டுப் பக்கம் நகர்ந்தாள், திரும்ப வந்தாள். அழைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள், போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு செய்தி மட்டும் வந்து விழுந்தது.

“முடிச்சிட்டேன் உஸ்தாதா! கடைசில லைன் அறுந்துச்சு, ஆனா நான் நிறுத்தலை. கேட்டீங்கதானே? இங்க எல்லாரும் குலவை போட்டுட்டாங்க. செவ்வாய்க்கிழமை இனிமே பயமில்லாம போவேன்.”

இன்ஷிராஹ் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கேட்டேன் என்று ஒரு வார்த்தை அடித்தால் போதும். மதியம் ஒரு முன்பின் தெரியாதவனுக்கு அஞ்சுக்கு அஞ்சு கொடுத்தவள், நாலு வருடம் உழைத்த பிள்ளைக்கு இதைக் கொடுக்கக் கூடாதா என்று மனசு கேட்டது. அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள்: “மூணு வசனம்தான் கேட்டேம்மா. நாலாவதிலேருந்து திரும்ப ஓதணும்.”

செய்தி போகவில்லை. பக்கத்தில் கடிகாரக் குறி மட்டும் நின்றது. கால்கரியில் இந்நேரம் இனிப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். அழிக்க வேண்டுமென்றால் இப்போதே அழித்துவிடலாம். இன்ஷிராஹ் எழுந்து, கைப்பேசியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, சிக்னலுக்காக நின்றாள்.