வீட்டுக்குள் வந்த ஆவாரை

வாஷி ஃபிளாட்டின் பால்கனிக் கம்பியில் முதல் மழைத்துளி தட்டியதும், ஆவாரஞ்செடித் தொட்டியைத் தூக்க என் கை தானாக நீள்கிறது.

அறுபதுகளில் தாராவியில் ஒற்றை அறை வீடு எங்களுக்கு. அப்பாவுக்குத் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. அங்கே தோல் ஊறவைக்கத் தெற்கேயிருந்து வந்த ஆவாரம்பட்டைக் கட்டில் ஒரு நெற்று சிக்கியிருந்தது. அதன் விதையை அம்மா எண்ணெய் டின்னில் ஊன்றினாள். காய்ந்த நிலத்துச் செடி, ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று தண்ணீரை அளந்துதான் விட்டாள். செடி வளர்ந்ததும் அப்பா தண்டைத் தடவிப் பார்த்து, "இதுல ஒரு ஆட்டுத்தோலுக்குக்கூடப் பட்டை காணாது" என்றார்.

மழை பிடித்ததும், வெயில் எட்டிப் பார்த்தால் டின் வெளியே, தூறினால் உள்ளே. உள்ளே ஒழுகாத மூலை ஒன்றுதான். அது அப்பா கால் நீட்டும் இடம்.

"அப்போ நான் எங்கன படுக்க?"

"காலை மடக்கிப் படுங்க. செடிக்கு மடக்கத் தெரியாதுல்லா" என்றாள் அம்மா.

மழைக்காலம் முழுக்க அப்பா மடங்கித்தான் படுத்தார். மழை விட்டு முதல் பூ மஞ்சளாக விரிந்த அன்று, பட்டறை ஆட்களைக் கூட்டிவந்து காட்டியவரும் அவர்தான்.

"நான் காலை மடக்கி வளத்த செடிலே இது."

இப்போது தொட்டியோடு உள்ளே வரும் என்னிடம், "இதை வைக்க ஹால்ல ஜாகா எங்கம்மா இருக்கு?" என்கிறாள் மகள்.

நான் தொட்டியை இறக்கிவைத்துவிட்டு, விரிந்து கிடக்கும் அவளுடைய சோபா பெட்டை மடக்குகிறேன்.