அப்பாவின் கண் நார்மல்

இங்கிலீஷில் நான் கேட்டு வாயைப் பிளந்த முதல் வார்த்தை ‘நார்மல்’. சிரிக்காதீர்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு எங்கள் அம்மா பொத்தென்று தரையில் உட்கார்ந்து அழுததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

2005 கோடை. மூன்றாவது முடித்திருந்தேன். மரக்காணம் உப்பளத்தில் அப்பா உப்பு வாரிக்கொண்டிருந்தார். வெயிலில் பாத்தியெல்லாம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா தண்ணீர்ச் சொம்பைத் தடவித் தேடுவார். கண் போனால் வேலை போகும், வேலை போனால் அடுப்பு எரியாது. அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். மேஸ்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் விடுவார் என்பதால், அப்பா பாத்தியிலிருந்து சேற்றுக்காலோடு நேராக வந்தார். ஜன்னல் சாத்திய அறை. சுவரில் மூன்று கால் வைத்த கறுப்புக் குறிகள். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் விரலைக் காட்ட வேண்டும். அப்பா விரலைத் தூக்கவே இல்லை.

“செவுரே தெரியலைங்க” என்றார்.

அம்மாவின் கை என் தோளை நெரித்தது.

“எங்கேர்ந்து வர்றீங்க?” என்று நர்சம்மா கேட்டார்.

“உப்பளத்துலேர்ந்துங்க.”

“அந்த வெளிச்சத்துலேர்ந்து நேரா உள்ள வந்தா யாருக்குத்தான் தெரியும்? கண்ண மூடிக்கினு கொஞ்ச நேரம் குந்துங்க.”

பிறகு கண்ணைத் திறந்த அப்பா, மேலே, கீழே, இடது, வலது என்று கடைசி வரிசைவரை விரலைக் காட்டினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு “நார்மல்” என்றார்.

“அப்படின்னா என்னாங்க?” என்றாள் அம்மா.

“எல்லாரு கண்ணு மாதிரிதான் இருக்குதும்மா” என்றார் நர்சம்மா. “ தைரியமா போங்க.”

அம்மா அழுதாள், அப்பா சிரித்தார். அடேயப்பா, என்ன வார்த்தை! அதற்குமேல் உலகத்தில் உயர்ந்தது எதுவும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் சத்துணவு எப்படி என்று கேட்ட அதிகாரியிடம், “ரொம்ப நார்மலா இருக்குதுங்க சார்!” என்று பெருமையாகச் சொன்னேன். சமையல்கார அக்கா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

முகாமன்று திரும்பும் வழியில் பெரியப்பா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் அண்ணன். அதே உப்பளத்தில் உப்பு வாரியவர், இரண்டு கண்ணும் போய்ச் சில வருடங்களாகியிருந்தன. காலடிச் சத்தத்திலேயே தம்பியைத் தெரிந்துகொண்டு, “என்னாப்பா சொன்னாங்க?” என்றார்.

அப்பா குனிந்து காலில் காய்ந்த சேற்றைத் தட்டினார். இவ்வளவு பெரிய சேதியைச் சொல்லாமல் நிற்கிறாரே!

“நார்மல் பெரியப்பா!” என்று கத்தினேன். அப்பா என் கையை நறுக்கென்று கிள்ளினார்.

பெரியப்பா கையை நீட்டி அப்பாவின் முகத்தைத் தேடிப் பிடித்தார். கண் இரண்டையும் விரலால் மெல்லத் தடவினார்.

“போதும்பா. எனக்கு இது போதும்.”

அப்பா அப்படியே நின்று அழுதார். நல்ல சேதி சொன்ன என்னைக் கிள்ளிவிட்டு இவர் எதற்காக அழுகிறார் என்று எனக்கு ஒரே கோபம்.