நண்டு கழற்றும் கை

எங்கள் குப்பத்தில் வலையிலிருந்து நண்டு கழற்றுவதைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவோம். பொறுமை இல்லாதவன் பிடித்து இழுப்பான். நண்டுக்குக் கால் உடையும், வலைக்குக் கண்ணி அறும். பொறுமைசாலி ஒவ்வொரு கண்ணியாக விலக்குவான். இப்படி ஆள் பார்ப்பதில் நான் பெரிய கில்லாடி என்று ஊரில் பேர். அந்தப் பேரைப் பரப்பியவனும் நான்தான் என்பது வேறு விஷயம்.

தங்கைக்கு வரன் வந்தபோது, நைனா இல்லாத வீட்டில் நான்தான் நைனா. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்குப் போய், மாப்பிள்ளையின் படகருகே ஒன்றும் தெரியாதவன்போல நின்றேன். வலையில் தாறுமாறாகச் சிக்கியிருந்த பெரிய நண்டை ஒரு கால்கூட உடையாமல் எடுத்தான். நான் அடித்த மூன்று ஜோக்குக்கும் சிரித்தான். என் மனைவியே ஒன்றுக்குத்தான் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து, "தங்கமான பையன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

கல்யாணமான ஏழாவது மாதம் தங்கை தனியாக வந்து நின்றாள். இடது மணிக்கட்டு வீங்கி, வளையல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை.

"இன்னாமா ஆச்சு?"

"கொழம்புல உப்பு ஜாஸ்தியாம். முறுக்கிட்டான்."

கால் உடைந்த நண்டுக்கு வியாபாரி விலையைக் குறைப்பான். அதனால் நண்டிடம் பொறுமை. பெண்டாட்டி கை உடைந்தால் எவன் எதைக் குறைக்கப் போகிறான்? இதைக்கூட யோசிக்காத முட்டாள்தான் ஊருக்கே ஆள் பார்த்துச் சொல்லும் நிபுணர். செருப்பைத் தேடினேன். யாரை அடிக்க என்று தெரியவில்லை. என் கன்னம்தான் கிட்டத்தில் இருந்தது.

"உனக்கு முன்னாடியே எதுவும் தெரியலையா?" என்று கேட்டேன். தப்பை அவள் பக்கம் கொஞ்சம் தள்ளிவிடப் பார்த்த அயோக்கியத்தனமும் என்னுடையதுதான்.

"தெரிஞ்சிது. பொண்ணு பாக்க வந்தப்போ அவங்கம்மா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாட்டியும் அவன் மூஞ்சியப் பாத்துச்சு. காபி வேணுமானு கேட்டதுக்குக்கூட. உன்கிட்ட சொன்னேன்ணா."

"நான் இன்னா சொன்னேன்?"

"மாமியார இப்பவே அடக்கி வெச்சிகீறான், உனக்கு வேல மிச்சம்னு சொன்ன. சொல்லிட்டு நீயே சிரிச்ச."

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குப்பத்து வலை பின்னும் ஷெட்டில் பஞ்சாயத்து. பெரியவர்களுக்கு எதிரே அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான், கண்ணில் தண்ணீர். பக்கத்தில் அவன் அம்மா. உடனே எல்லோருக்கும் ஆள் பார்க்கத் தெரிந்துவிட்டது.

"பாவம்பா, மூஞ்சியப் பாரு, பச்சப்புள்ள மாதிரி கீறான். திருந்திட்டான், அனுப்பி வெய்."

நான் எழுந்து கத்தினேன். "அனுப்ப முடியாது! கைய ஒடிக்கப் பாத்தவன்கிட்ட இன்னாத்துக்கு அனுப்பணும்?"

ஷெட்டே சிரித்தது. இத்தனை வருஷம் வாயைத் திறந்தாலே கேலி பேசியவன் நரம்பு புடைக்கக் கத்தியதும், இதுவும் ஏதோ கூத்து என்று நினைத்துவிட்டார்கள். கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது. மூத்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உக்காருபா, அப்பால காமெடி பண்ணு. நீதான மாப்ளய பாத்து சொன்ன?" என்றார்.

பெண்கள் பக்கமிருந்து தங்கை நடுவே வந்தாள். கத்தவில்லை. மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கையைப் பெரியவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நான் போவ மாட்டேன். என்னிய யாரும் இன்னும் கேக்கல, அதான் நானே சொல்றேன்."

சிரிப்பு நின்றது. பெரியவர் கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "பொண்ணு இஷ்டமில்லாம அனுப்பறதுக்கு இல்ல" என்றார், என்னவோ தானே கண்டுபிடித்ததுபோல.

அவன் கண்ணீர் அந்த நிமிஷமே காய்ந்தது. "ஏந்திரி, போலாம்" என்று அம்மாவை அதட்டிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தான். அந்த அம்மா எழுந்தார். தங்கையைத் தாண்டும்போது அவளுடைய வீங்காத கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்து, அவன் திரும்புவதற்குள் விட்டுவிட்டார்.

அவரும் போய்ப் படகில் ஏறினார். போக இஷ்டமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.