தம்பி கோப்பில் வரும் முகம்

எங்கள் காவல் அலுவலகத்தில் அவளுக்குப் பொருத்தக்கார அக்கா என்று பெயர். வைத்தது நான்தான். "ஊருக்கெல்லாம் பொருத்தம் பாக்கறீங்க, உங்களுக்கு ஒண்ணு அமையலையே" என்று ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நான் பாக்கறது பூரா திருட்டுப்பய மூஞ்சி. அதுல எங்க அமையறது?" என்றாள். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை மூன்றாம் மாடியில். நகரத்தில் எங்கெங்கே கேமரா இருக்கிறதோ, பஸ் நிறுத்தம், கடைத்தெரு, ஆஸ்பத்திரி வாசல், அங்கெல்லாம் போகிற வருகிற முகங்களை இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்கும். தேடப்படுகிறவர்கள், காணாமல்போனவர்கள் இவர்களின் பழைய படங்களோடு ஒப்பிடும். யாராவது ஒத்துப்போவதுபோல் தெரிந்தால் திரையில் இரண்டு முகங்களைப் அருகருகே வைத்து, கீழே இத்தனை விழுக்காடு என்று போடும். அதற்கும் கீழே இரண்டு பொத்தான்: ஆம், இல்லை. அதை மட்டும் மனிதர்தான் அமுக்க வேண்டும் என்பது விதி. அந்த மனிதர்கள் இரண்டு பேர். ஒருத்தி அக்கா. அடுத்த மேசையில், நாங்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிற பையன். அவன் தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவன். வயதில் சின்னவன், அக்கா என்றால் உயிரை விடுவான்.

நான் கீழே வருகைப் பிரிவில் எழுத்தர். எத்தனையோ வருஷமாக யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதிவந்தவள். இப்போது வாசல் கம்பத்தில் தொங்குகிற ஒரு கேமரா எல்லோர் முகத்தையும் பார்த்து வருகை போட்டுவிடுகிறது. நான் மூக்குக்கண்ணாடி மாற்றிய அன்று நான் வரவேயில்லை என்று சொல்லிவிட்டது. மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், என் பெயருக்கு நேரே விடுப்பு. அந்தச் சனியனுக்கும் எனக்கும் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

அக்கா 'ஆம்' அமுக்க மாட்டாள். அதாவது, லேசில் அமுக்க மாட்டாள். காது, புருவம், உதட்டோரம் எல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பாள். இயந்திரம் தொண்ணூறு விழுக்காடு என்று சாதித்தாலும் இவள் இல்லை என்று தள்ளிவிட்டதுண்டு. மேலதிகாரி ஒருமுறை, "மிஷினே சொல்லுது, உங்களுக்கு என்னம்மா யோசனை?" என்று கேட்டார். அக்கா நிமிராமலே, "அமுக்கறது ஒரு நொடி சார். அப்புறம் யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல ஜீப் நிக்கும்" என்றாள். அவர் முனகிக்கொண்டே போய்விட்டார்.

அவள் அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் அவள் தம்பி. இது எங்களுக்கெல்லாம் தெரியும், ஆனால் அவள் முன்னால் பேச மாட்டோம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா தையல் மெஷின் மிதித்து இரண்டு பேரையும் வளர்த்தாள். அக்காவுக்குக் காவல் வேலை கிடைத்தது. தம்பிக்கு வேலையும் அமையவில்லை, வீட்டில் கால் தரிக்கவும் இல்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு சுற்றிவிட்டு வந்தான். அவர் கத்தினார். போலீஸ் வீடென்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டார். அக்காவுக்குச் சுரீரென்றது. தம்பி கையைப் பிடித்து அவளே ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு ராத்திரி உள்ளே இருந்தால் புத்தி வரும் என்று நினைத்தாள்.

காலையில் போய் நின்றாள். வெளியே வந்தவன் அவளைப் பார்த்தான், எதிர்ப்பக்கம் திரும்பி நடந்துபோனான். அவ்வளவுதான். வீட்டுக்கு வரவேயில்லை. அம்மா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தாள். சாப்பாடு, துணி, தண்ணீர் எல்லாவற்றையும் பற்றி மகளிடம் பேசினாள். மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் போய்ச்சேர்ந்தாள். நான்கு திட்டாவது திட்டியிருக்கலாம் என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

முகம் பார்க்கும் இயந்திரம் வந்ததும் அவளாகக் கேட்டு மூன்றாம் மாடிக்கு மாறிக்கொண்டாள். தம்பி காணாமல்போனதாகக் கோப்புத் திறந்து அவன் படத்தையும் ஏற்றினாள். சொந்தக்காரர் கோப்பை அவரவர் பார்க்கக்கூடாது என்பது விதி. அதனால் தம்பி கோப்பு கண்ணாடியின் மேசைக்குப் போயிற்று. தினமும் காலையில் பையை வைத்ததும் அக்கா கேட்பாள்.

"ஏதாவது வந்துச்சா?"

"இல்லக்கா."

அதற்குமேல் பேச்சு கிடையாது. இவள் இவள் வேலையைப் பார்ப்பாள், அவன் அவன் வேலையைப் பார்ப்பான். இப்படியே வருஷங்கள் ஓடின.

வேலை முடிந்து போகும்போது அக்கா தரையைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பாள். எத்தனையோ தடவை எதிரே வந்த என் மேலேயே மோதியிருக்கிறாள். "காசு ஏதாவது விழுந்து கிடக்கா?" என்று கேலி செய்வேன். "நாள் பூரா மூஞ்சியாப் பாத்துத் தொலைச்சாச்சு. தெருவுலயாவது ஒரு மூஞ்சியும் பாக்காம போறேனே" என்பாள்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். சாயங்காலம் ரொட்டியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னொருத்தர் வந்தால் எதில் தண்ணீர் குடிப்பார் என்று தோன்றியது. வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, கலைந்திருந்த தலையை வாரிக்கொள்ளக் கண்ணாடி தேடினேன்.

"கண்ணாடி எங்கக்கா?"

"கிடையாது."

"கண்ணாடி கூட இல்லாம ஒரு பொம்பளை குடித்தனமா?"

"எதுக்கு? பாத்தா அவன்தான் நிக்கறான்."

காய்ச்சலில் ஏதோ உளறுகிறாள் என்று போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தாள். நான் மாதக் கணக்கு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காய்ச்சலில் கிடந்த அன்று, முற்பகலில் அவள் வாசலுக்கு வந்ததாக இயந்திரம் வருகை போட்டிருந்தது. எனக்குக் கொண்டாட்டம். அந்தச் சனியன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டேன்.

"என்னக்கா, காய்ச்சல்னு லீவு போட்டுட்டு கேட் வரைக்கும் காத்து வாங்க வந்தீங்களா?"

"நானா? எழுந்து நிக்கவே முடியல எனக்கு."

"உங்க மிஷின்தான் சொல்லுது. வாங்க, வந்து உங்களையே பாத்துக்குங்க."

சிரித்துக்கொண்டே அந்த நேரத்துக் காட்சியைப் போட்டேன். வாசல் கம்பிக்கு வெளியே ஒரு ஆள் நின்றான். மீசை இல்லை, முடியை ஒட்ட வெட்டியிருந்தான், காதோரம் நரை. அக்காவின் நெற்றி. அக்காவின் தாடை. போலீஸ் தொப்பியை வைத்தால் அக்காவேதான். கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இளைச்சுப் போயிட்டான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்த வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வாசல் காவலரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவருக்கு நினைவிருந்தது.

"ஆமாம்மா, ஒருத்தர் கேட்டாரு. மூணாவது மாடில வேலை பாக்கறாங்களே, இன்னிக்கி வரலையான்னு. காய்ச்சல், லீவுன்னேன். ரொம்ப முடியலையான்னு கேட்டாரு. ரெண்டு நாள்ல வந்துருவாங்கன்னேன்."

"யாருன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேனே. சும்மா, தெரிஞ்சவங்கன்னாரு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. காவலர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று விழித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் மாடிக்குப் போனோம். வாசல் வரை வந்தவனை எதிரே பஸ் நிறுத்தத்துக் கேமரா பார்க்காமலா இருந்திருக்கும், தம்பி கோப்பில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். கண்ணாடியின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான். "உங்க தம்பி கோப்புல தினமும் வந்தது நீங்கதான். நீங்க பஸ்ஸுல ஏறுறது, எறங்குறது, கேட்டுக்குள்ள வர்றது. தினமும் உங்க மூஞ்சியைக் காட்டி இவரா, இவரான்னு கேக்கும். நான் இல்லைன்னு அமுக்குவேன். நீங்க வந்து ஏதாவது வந்துச்சான்னு கேப்பீங்க. என்னால முடியலக்கா. அதான் ஒரு நாள், இந்த மூஞ்சியை இனிமே காட்டாதேன்னு போட்டுட்டேன்."

இயந்திரமும் அவன் சொன்னபடியே செய்தது. அக்காவின் முகம் மாதிரி எது வந்தாலும் யாருக்கும் காட்டாமல் தானாகவே கழித்துவிட்டது. தம்பியும் அந்த முகத்தோடுதான் வந்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்குக் கண்ணாடி எதுக்குடா? கழட்டி வை" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"விடு. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சான். நானும் அப்படி நினைச்சுத்தானே அவனைக் கூட்டிட்டுப் போனேன்."

கண்ணாடி நேரே இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் நல்ல மனிதர், கழித்த முகங்களைத் திறந்து பார்க்க அனுமதி கொடுத்தார். அக்கா திரையைப் பார்க்கக்கூடாது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. திறந்தால் முக்கால்வாசியும் அக்காதான். நடுநடுவே அவன். மழைக்காலத்தில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை, கையில் பையோடு ஒரு தடவை. இரண்டு வருஷமாக எப்போதாவது வந்து எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நின்றுவிட்டுப் போயிருக்கிறான். காய்ச்சல் அன்று தவிர எல்லாம் சாயங்காலம், நாங்கள் வேலை விட்டுப் போகிற நேரம்.

ஒன்றில் அக்காவும் இருந்தாள். வாசலைத் தாண்டி, வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். சாலைக்கு அந்தப் பக்கம் அவன். அவளைப் பார்த்துவிட்டு ஓரத்துக்கு வருகிறான், கையைக்கூடக் கொஞ்சம் தூக்குகிறான். அவள் நிமிரவில்லை. அவன் கையைக் கீழே போட்டான். நடுவில் ஒரு பஸ் வந்து மறைத்தது. பஸ் போனபின் அவள் தன் வழியில் போய்க்கொண்டிருந்தாள், அவன் நின்றுகொண்டிருந்தான்.

"ஒரு குரல் குடுக்க மாட்டானா? வாயில என்ன பூட்டா?" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

"நான் பாத்தும் பாக்காம போறேன்னு நினைச்சிருப்பான்" என்றாள் அக்கா. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். கண்ணாடி அதை ஓட்டிக் காட்டினான். கடைசியில் நானே திரையை அணைத்தேன்.

காய்ச்சல் அன்று அவன் வாசலிலிருந்து நகரப் பஸ் ஏறி, வெளியூர் பஸ் நிலையம் போய், ஒரு பஸ்ஸில் உட்கார்ந்தது வரை தெரிந்தது. நகர எல்லையோடு எங்கள் கேமராக்கள் முடிந்துவிடுகின்றன. அப்பால் எங்கே இறங்கினான் என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. கண்டக்டருக்கும் நினைவில்லை. அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

இப்போதெல்லாம் வேலை விட்டதும் அக்கா உடனே வீட்டுக்குப் போவதில்லை. சாலையைக் கடந்து அவன் நின்ற இடத்திலேயே போய் நிற்கிறாள். தலையை நிமிர்த்தி, போகிற வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். இருட்டத் தொடங்கும்வரை நிற்பாள். சில நாள் நானும் துணைக்கு நிற்பேன். அவள் கண்ணெல்லாம் தெருவில் இருக்கும். கடைக்குப் போய் இன்னொரு டம்ளர் வாங்கி வைத்திருப்பதாக ஒரு நாள் அவளாகச் சொன்னாள்.

கண்ணாடி அந்தக் கட்டளையை நீக்கிவிட்டான். அவளிடம் அதைச் சொன்னபோது, "மறுபடியும் தினம் நீங்கதான் வருவீங்க, பரவாயில்லையாக்கா?" என்று கேட்டான். "வரட்டும். நீ மட்டும் ஒவ்வொண்ணையும் பாரு" என்றாள்.

நேற்றுக் காலை ஒரு கையெழுத்துக்காக மேலே போயிருந்தேன். அக்கா அப்போதுதான் பையை வைத்தாள்.

"ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. பஸ் ஸ்டாப்ல. நீங்கதான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நீங்கதான்."

"சரி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இல்லைன்னு போடு."