செம்பி யார் பக்கம்

தன் மாட்டுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் மீனம்மா அந்த மாசியில் சொல்லிக்கொண்டாள். நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பனி புல்லைக் கருக்கிப் போட்டிருந்தது. மிச்சத்தை வெயில் தீர்த்தது. கொழுந்து பறித்துவிட்டு வரும் வழியில் ஓடைக்கரையெல்லாம் அலைந்தாலும் அரைக்கட்டுப் புல் தேறவில்லை. ஆனால் செம்பி மெலிந்ததுகூட அவளை அவ்வளவு சுடவில்லை. பக்கத்து வீட்டுச் சண்முகவடிவின் குரல் கேட்டதும் அது கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பியதே, அதுதான் சுட்டது.

வடிவு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போஞ்சியும் கரட்டும் போட்டிருந்தாள். காய் பறித்து முடிந்ததும் கொடியையும் கரட் இலையையும் அள்ளி வேலிக்கு மேலாகச் செம்பிக்கு நீட்டினாள். சும்மா நீட்டினாலும் பரவாயில்லை, கழுத்தையும் சொறிந்துவிட்டாள். கன்றிலிருந்து வளர்த்த மீனம்மாவிடம் அந்த மாடு ஒருநாளும் அப்படிக் கழுத்தை நீட்டியதில்லை.

"இனிமே எம்மாட்டுக்கு ஒண்ணும் போடாத வடிவு. மருந்தடிச்ச எலை."

"மருந்தடிச்சு எவ்வளவோ நாளாச்சுக்கா. அந்தக் கரட்டத்தான நேத்து நீங்களும் கொழம்பு வச்சீங்க?"

மீனம்மா உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு வேலிக்கு மேலாக எதுவும் வரவில்லை. மீனம்மா முற்றிச் சொரசொரத்த மானாப்புல்லை வெட்டிப் போட்டாள். செம்பி முகர்ந்துவிட்டு வேலியைப் பார்த்தது. பால் வாளியின் அடி மறையுமளவுக்குக் குறைந்தது. கன்று மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது.

"தீனி போட முடியலன்னா வித்துருவோம்," என்றான் அவள் புருஷன் பொன்னையா.

அன்று சாயங்காலமே மீனம்மா வேலியோரம் போய் நின்றாள்.

"வடிவு, கொடி கெடக்கா?"

"கெடக்கே. அள்ளிப் போடவா?"

"நீ போடாத. நானே வந்து அள்ளிக்கிறேன். எங்கையாலதான் திங்கணும் அது."

வடிவு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "நான் என்னக்கா, ஒங்க புருசனுக்கா சோறு போட்டேன்?"

"அவருக்குப் போட்டாக்கூடப் பரவாயில்ல."

மீனம்மா கொடியை அள்ளி வந்து, வேலியைத் தன் உடம்பால் மறைத்து நின்றபடி பிடிபிடியாக ஊட்டினாள். சில நாளில் பால் மறுபடி ஏறியது. ஒரு காலை அவள் கறந்துகொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் வடிவு இருமினாள். செம்பியின் காது அந்தப் பக்கம் நிமிர்ந்தது.

"இங்க பாருடி," என்று அதன் விலாவில் நெற்றியால் முட்டினாள் மீனம்மா.