சொல்ல முடியாத இடத்தில் பட்ட அடி

மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவருக்கு மருந்துப் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, எதிரில் நிற்கிற ஆள் எதைச் சொல்லாமல் நிற்கிறார் என்பதும் தெரிய வேண்டும். அதுவும் கவுண்டரில் நிற்பது ஒரு பொம்பளையாக இருந்துவிட்டால் போச்சு. எண்பதுகளின் நடுவில் பார்மசி படித்துவிட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளிலும் அதே கவுண்டர்தான். என்னைப் போல நின்று நின்று கால் வீங்கிய சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு 'எங்க கடையிலும் இதே கூத்துதான்' என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும்.

பேஸ்ட் வாங்க வந்தவர்

சாயங்காலம் சென்னை பீச்சிலிருந்து ரயில் வந்து நின்றால் கடையில் கூட்டம் அம்மும். அதில் ஒருத்தர் மட்டும் ஓரமாக நின்று, பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுக்கொண்டே இருப்பார். அப்படி ஒருநாள் ஆபீஸ் பையோடு ஒருவர். கூட்டம் கரைந்ததும், "என்ன சார் வேணும்?" என்றேன். "பேஸ்ட்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். "சோப்பு" என்றார். அதையும் கொடுத்தேன். பிறகு மின்விசிறியைப் பார்த்தபடி, "சார் இல்லீங்களா?" என்றார்.

"நான்தான் சார் பார்மசிஸ்ட். எங்கயாவது அடிபட்டிருக்கா?" என்று கேட்டேன். காலை அகட்டி நிற்கிற நிற்பிலேயே விஷயம் தெரிந்தது. நாங்கள் படித்தது மனுஷ உடம்புதான் ஐயா, அதில் பாதியை மறைத்து வைத்துவிட்டா பாடம் நடத்தினார்கள்? அவர் சோப்பைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இல்லம்மா, இது ஆம்பளைங்க மேட்டர். நான் ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட வேற கடை பாத்துக்கறேன்."

மொதலாளியின் தொண்டை

எங்கள் முதலாளிக்கு முடிச்சூர் பக்கம் நெல் வயல் இருந்தது. அதை மனை போட்டு விற்றுவிட்டு மருந்துக் கடை வைத்தார். ஜுரத்துக்கு எது, வயிற்றுப்போக்குக்கு எது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் மீசை இருந்ததே, அது போதாதா? ஆண்கள் எல்லாம் அவர் காதில்தான் ஓதுவார்கள். வயல் வரப்பில் நின்று ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவருக்கு.

பால்காரர் ஒருவர் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். முதலாளி அங்கிருந்தே, "மேடம், இவரு சைக்கிள் பார் மேல வுழுந்துட்டாராம். அந்த எடத்துல கன்னிப்போய் நீலமா கீதாம். இன்னா குடுக்கறது?" என்றார். கடையில் இரண்டு டீச்சர்களும் ஒரு கைக்குழந்தைக்காரியும் இருந்தார்கள். பால்காரருக்கு முகத்தில் உயிர் இல்லை. நான் அவரைத் தனியாக அழைத்து, ஐஸைத் துணியில் சுற்றி விட்டு விட்டு வைக்கச் சொன்னேன். தொளதொளவென்று இல்லாமல் நன்றாகத் தாங்குகிற உள்ளாடை போடுங்கள், இரண்டு நாள் சைக்கிளைத் தொடாதீர்கள், வீக்கம் ஏறினாலோ சிறுநீரில் ரத்தம் வந்தாலோ இன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார்: "இன்னா மொதலாளி, பஸ் ஸ்டாண்டாண்ட மைக் கட்டி ஒருதபா சொல்லிட்டு வந்துடேன்."

தைலம்

சேலையூர் காலனியில் ஒரு பேங்க் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடியில் அவருடைய சின்னப் பையன் ஓடி வந்து குதித்துவிட்டான். மனுஷர் வலி தாங்காமல், கை காலுக்குச் செய்வதை அங்கேயும் செய்துவிட்டார். வலித் தைலம், அதன் மேல் வெந்நீர்ப் பை. கேட்கவா வேண்டும்.

மனைவிதான் வந்து சொன்னார். கணவர் பக்கத்தில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன். "அடிபட்ட உடனே சூடு வச்சா வீக்கம்தான் சார் ஏறும். முதல்ல குளிர்ச்சிதான். தைலமே கூடாது, தேய்க்கவும் கூடாது" என்று சொல்லி, வலி குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காலண்டரிலிருந்து பார்வையை எடுக்காமலே அவர் சொன்னதைக் கேட்டதும் என் சிரிப்பு போய்விட்டது: "பாம்பு கடிச்சா என்ன பண்ணணும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க மேடம். இதை யாருமே சொல்லலையே."

ஒரு டீமுக்கு ஒரு கார்டு

கடைக்குப் பின்தெருவில் சேகர் என்று ஒரு பையன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. என்னை அக்கா என்பான். ஞாயிறு தவறாமல் கிரிக்கெட். ஒருநாள் டீமுக்குப் பஞ்சும் பேண்டேஜும் வாங்க அவனும் கேப்டனும் வந்தார்கள். "கார்டு எத்தனை வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். ஆடுகிறவர் இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிண்ணம் அது. மொத்த டீமுக்கும் ஒன்றாம். அவுட் ஆனவன் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுப்பானாம். கர்மம்.

"ஒரே நேரத்துல ரெண்டு பேர் ஆடறீங்களே?" என்றேன். "பந்தை ஆடறவனுக்குத்தான் மேடம் வேணும், எதிர்ல நிக்கறவனுக்கு எதுக்கு?" என்றான் கேப்டன். "சரி, ஒரு ரன் ஓடி எடம் மாறிட்டா?" என்றேன். சேகர் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அதுக்குத்தான்க்கா ரெண்டு ரெண்டா ஓடுவோம்."

சேகரின் கால்வலி

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிறு சாயங்காலம் சேகர் தனியாக வந்தான். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. வலி மாத்திரை கேட்டான். "பந்து கால்ல பட்டுடுச்சுக்கா" என்றான். எந்தக் கால் என்றேன். குனிந்து இரண்டு காலையும் பார்த்தான். "சேகர், வேற எடமா இருந்தா வெட்கப்படாதே. இப்பவே டாக்டரைப் பாரு. நாள் கடத்தற விஷயம் இல்ல இது" என்றேன். "சேச்சே, அதெல்லாம் இல்லக்கா" என்று போய்விட்டான். மறுநாளும் மாத்திரைக்கு வந்தான். அதையே மறுபடி சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அதற்குப் பிறகு கடைப்பக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் அவன் மனைவி வசந்தா மருந்துச் சீட்டோடு வந்தாள். மூன்று ரன் ஓடியிருக்கிறார்கள். கார்டு அந்த முனையில், அடுத்த பந்தை ஆட வேண்டிய சேகர் இந்த முனையில். வீட்டில் கால்வலி என்று சொல்லி வாசல் பக்கம் தனியாகப் படுத்திருக்கிறான். ஜுரம் கண்டு நடக்கவே முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. விதை உள்ளே கிழிந்திருந்ததாம். அன்றைக்கே வந்திருந்தால் தைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம். ஒன்றை எடுத்துவிட்டார்கள். கடையில் நாலு ஆம்பளைகள் நிற்க, குரலைக்கூடத் தாழ்த்தாமல் இதை எல்லாம் சொன்னாள் அந்தப் பெண்.

"ஒண்ணு இருந்தா போதுமாக்கா? கொழந்த பொறக்குமா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கற ஒண்ணு போதும்மா. டாக்டர் என்ன சொன்னாரு?" என்றேன். "அவரும் அதையேதான் சொன்னாரு. இவருதான் நம்ப மாட்டேங்கறாரு. செவுத்தப் பாத்துகினு படுத்துகினு கீறாரு" என்றாள். எத்தனை வருஷமானாலும் அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை. மருந்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு அவள் கேட்டாள்: "கட்டினவகிட்ட காட்டவே வெட்கப்பட்டா, வேற யார்கிட்டக்கா காட்டுவாரு?"

வெட்கம் பொம்பளைக்கு மட்டும்தான் என்று சொல்லி வைத்தவர் யாரோ, அவர் ஒரு நாள்கூட மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்றவராக இருக்க மாட்டார்.